கணக்கில் கெட்டிக்காரக் குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் நான்காம் வகுப்புக் கணக்கைத் தானாகவே போடுகிறாள். பள்ளியில் கொடுப்பதைச் சட்டென்று முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். "இவளுக்கு வேற ஏதாவது கொடுங்க" என்று டீச்சரே சொல்லிவிட்டார். பெற்றோர் போனில் தேடி ஓரிடத்தில் நம்பரைக் கொடுத்ததும் விற்பனை அழைப்புகள் வரிசையாக வரத் தொடங்குகின்றன. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. அவசரம்தான் காரணம், அக்கறைக் குறைவு இல்லை.

பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரக் குழந்தை என்றாலே அடுத்தடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டி முடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை முடித்துத் தருவதாகச் சொல்லும் புரோகிராம்களைத் திறந்து பாருங்கள். பல நேரம் இருப்பது அதே பாடப்புத்தகக் கணக்கு, எண் மட்டும் பெரியது. இரண்டிலக்கக் கூட்டல் நன்றாகத் தெரிந்த குழந்தைக்கு நான்கிலக்கக் கூட்டலில் புதிதாக யோசிக்க ஒன்றும் கிடையாது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கை வைத்தே இதைப் பார்க்கலாம். 1 முதல் 6 வரையுள்ள இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அவற்றைக் கொண்டு மூன்றிலக்க எண்கள் இரண்டை அமைக்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வரும் விடை எவ்வளவு சின்னதாக இருக்க முடியும்?

கழித்தல் தெரிந்த ஏழு வயதுக் குழந்தை இதில் இறங்கிவிடும். முதலில் மனம்போன போக்கில் எழுதிக் கழித்துப் பார்க்கும். நூறாம் இடத்தில் அடுத்தடுத்த இலக்கங்கள் இருந்தால் விடை சுருங்குகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடும். 234-இலிருந்து 165-ஐக் கழித்து 69 வந்ததும் "முடிச்சிட்டேன்" என்று ஓடிவரும். "இன்னும் குறைக்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். பெரிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மிகச் சிறியவையாகவும், சிறிய எண்ணின் கடைசி இரண்டு மிகப் பெரியவையாகவும் வேண்டும். அப்படியானால் 1, 2 ஒரு பக்கம், 6, 5 இன்னொரு பக்கம். நூறாம் இடத்துக்கு மிஞ்சுவது 4-உம் 3-உம். 412-இலிருந்து 365 போனால் 47. இங்கே வந்து சேர்வதற்குள் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளை யாரும் சொல்லாமலே அது நிறையப் போட்டிருக்கும். 47-க்குக் கீழே ஏன் வராது என்று விளக்க முயன்றால், நிரூபணம் என்பதன் முதல் படியில் கால் வைத்துவிட்டது. இதற்கு நான்காம் வகுப்புப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

எந்தப் புரோகிராமில் சேர்ப்பதற்கு முன்னும் இப்படிப்பட்ட கணக்குகள் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்தில் இந்த வகைக் கணக்குகள் ஏராளம், அதுவும் இலவசமாக. அமெரிக்காவின் ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் நிறுவனம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் பீஸ்ட் அகாடமி, சித்திரக்கதையோடு கடினமான புதிர்களைத் தருகிறது. கான் அகாடமியும் இலவசம்தான். பாடத்தை வரிசையாகக் கற்க அது நல்லது. ஆனால் ஒரு கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டிய குழந்தைக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒவ்வொரு கணக்குக்கும் கடிகாரம் ஓடவிடும் புரோகிராம்களைச் சிறு குழந்தைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நின்று யோசிப்பது தப்பு என்றல்லவா அது சொல்லிக்கொடுக்கிறது?

அடுத்தது லெவல். பள்ளித் தேர்வில் நூற்றுக்கு நூறு என்பதை வைத்துக் குழந்தையின் லெவலை முடிவு செய்ய முடியாது. அந்த வகுப்புக்கான தாளில் அதற்குமேல் மார்க் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி 1971-இல் ஆய்வைத் தொடங்கிய உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி இதனால்தான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தாளைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்புத் தேர்வில் ஒரே மார்க் வாங்கியவர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பது அதில் தெரிந்தது. வீட்டிலும் இதையே செய்யலாம். அடுத்த வகுப்பு, அதற்கடுத்த வகுப்பு என்று கான் அகாடமியின் இறுதிச் சோதனைகளைக் கொடுத்துப் பாருங்கள். பத்துக்கு ஆறு ஏழு சரியாக வரும் இடம் தொடங்குவதற்கு நல்ல இடம். தவறியவை எவை என்பதைக் கட்டாயம் பாருங்கள். பெருக்கலில் பறக்கும் குழந்தை கடிகாரம் பார்க்கத் தடுமாறும், பின்னத்தைப் படமாக வரையத் தெரியாமல் விழிக்கும். தாவித் தாவி மேலே போகும்போது இந்த ஓட்டைகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

கணக்கில் பத்து வயது என்பதால் எல்லாவற்றிலும் பத்து வயது ஆகிவிடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1988-இல் பதின்மூன்று வயதில், பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியில் தங்கம் வென்ற கணித மேதை டெரன்ஸ் டாவோவை மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்த பெற்றோர், அவர் அதற்குத் தயாராக இல்லை என்று கண்டு சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதில் மறுபடி சேர்ந்தபோது கணக்கில் மட்டும் தன் வேகத்தில் போனார். ஆறு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலத்தில் நீளமான கேள்வியைப் படிக்கச் சிரமமாக இருக்கும், எழுதும் வேகமும் கம்மி. கேள்வி புரியாமல் போடும் தவறை, கணக்குத் தெரியாமல் போடும் தவறு என்று ஆப் எடுத்துக்கொள்ளும். அமெரிக்கப் புரோகிராம் என்றால் இன்ச் அளவும், குவார்ட்டர் (25 சென்ட்), டைம் (10 சென்ட்) போன்ற அந்நாட்டு நாணயங்களும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், தமிழிலேயே பேசி யோசிக்கட்டும். இந்த வயதில் குழந்தையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுவது சரிவராது.

அபாகஸ் பற்றியும் கேட்பார்கள். அது கணக்கிடும் வேகத்துக்கான பயிற்சி, பிடித்தால் தாராளமாகச் செய்யட்டும். மேலே சொன்னபடி நின்று யோசிக்கும் பயிற்சிக்கு அது மாற்று இல்லை. ஒலிம்பியாட் என்ற பெயரிலும் கவனம் வேண்டும். சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது, இந்தியா 1989 முதல் பங்கேற்கிறது. அதற்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்க ஐ.ஓ.க்யூ.எம்., ஆர்.எம்.ஓ., ஐ.என்.எம்.ஓ. என்று படிப்படியாக நடக்கும் தேர்வுகளில் சிறு குழந்தைகளுக்கான கட்டமே கிடையாது. ஒன்றாம் வகுப்பிலேயே நடக்கும் 'ஒலிம்பியாட்'கள் வேறு. அவற்றுக்காகவே ஒரு கோச்சிங் வேண்டாம். சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கத்தின் திறன்தேடல் போட்டி நல்ல தரமானது. அதுவும் ஐந்தாம் வகுப்பிலிருந்துதான்.

பாயிண்ட், பேட்ஜ், தொடர் வருகைக்குப் பரிசு இவையெல்லாம் இருந்தால், குழந்தை எதற்காகத் திறக்கிறது என்று கவனியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்விகளில் ஊகித்துத் தட்டிக்கொண்டே மேலே போய்விட முடியும். பாயிண்டுக்காக எளிதான கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடும் பிள்ளைகள் உண்டு. விடையைத் தானே எழுத வைக்கும் புரோகிராம் மேல்.

கடைசியாகப் பணம். டெமோ கிளாஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். குழந்தையைக் கவர்வதற்கென்றே அமைத்த வகுப்பு அது. முடிந்ததும் "உங்க பையன் ஜீனியஸ், இன்னைக்கே சேர்த்தா தள்ளுபடி" என்று போன் வரும். தினமும் பாடம் நடத்தப்போவது அதே ஆசிரியர்தானா, ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். இலவசம் என்று சொல்லி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களைப் பற்றி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்தது. தவணை என்று சொல்வது சில நேரம் உங்கள் பெயரில் ஒரு கடன். வருடச் சந்தாவைத் தவிர்த்து மாதாமாதம் கட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கி, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.