குப்பையைப் பிரித்தலும் உரமாக்கலும்: தொடங்குவோருக்கான செய்முறை

கழிவு மேலாண்மை பற்றிய எந்தப் பாடநூலும் ஒரே வரிசையைத்தான் தரும்: குறைத்தல், மீண்டும் பயன்படுத்துதல், மறுசுழற்சி செய்தல், எரித்து ஆற்றல் பெறுதல், கடைசியாகப் புதைத்தல். முதல் இரண்டும் பொருளை வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. வாங்கிய பின் வீட்டில் செய்ய வேண்டியவை மட்டும் இங்கே.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஈரத்தையும் உலர்ந்ததையும் தொட்டியில் போடும் அந்தக் கணத்திலேயே பிரித்துவிடுவதுதான். எண்ணெயும் சாறும் ஊறிய காகிதத்தை மறுசுழற்சி ஆலை ஏற்காது. குப்பைக் கிடங்கில் காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் உணவுக் கழிவோ, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேனை வெளிவிடுகிறது. அதிலிருந்து கசியும் கழிவுநீர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது.

படி 1: மூன்று கொள்கலன்கள்

ஈரக்கழிவுக்கு மூடியுள்ள சாதாரண வாளி போதும். மிதித்துத் திறக்கும் தொட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் கீல் இடுக்கில் அழுக்குச் சேர்ந்தால் கழுவுவது பெரும்பாடு. உள்ளே நெகிழிப் பை விரிக்க வேண்டாம். ‘மட்கும் பை’ என்று அச்சிட்டவற்றிலும் பல, பெரிய உரக்கூடங்களின் உயர் வெப்பத்தில்தான் மட்கும். வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

உலர்கழிவுக்கு ஒரு பெரிய சாக்கு. மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து, சவரத்தகடு ஆகியவற்றுக்குத் தனியே ஒரு சிறு பெட்டி. நிரம்பியதும் உங்கள் பகுதியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். லித்தியம் மின்கலங்களின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்; குப்பை வண்டியில் நசுங்கினால் அவை தீப்பற்றும்.

படி 2: உலர்கழிவு

அலசி, உலர்த்தி, சாக்கில் போடுங்கள். நெகிழிப் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண் அது எவ்வகை நெகிழி என்பதை மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சிக்கு உத்தரவாதம் தருவதில்லை. 1, 2, 5 ஆகியவற்றை வாங்கிக்கொள்ளப் பெரும்பாலும் ஆளுண்டு. உள்பக்கம் பளபளக்கும் தின்பண்ட உறைகளில் நெகிழியும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் அவற்றை எடுப்பவர் அரிது.

படி 3: உரமாக்கல்

பலரும் கைவிடும் இடம் இதுதான், காரணம் நாற்றம். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் ஏறத்தாழ 30 பங்கும் நைட்ரஜன் 1 பங்கும் என்ற அளவில் உணவு வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, கரிமம் போதாது. ஆகவே பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட தொட்டியில் முதலில் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகோ கிழித்த அட்டையோ போட்டு, கழிவு கண்ணுக்குத் தெரியாதவாறு மூட வேண்டும். மரத்தூளும் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதில் கரிமம் மிக அதிகம் என்பதால் தாராளமாகப் போட்டால் மட்குதல் மந்தமாகிவிடும். என் தேர்வு சருகுதான். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி தேவையில்லை. ஒரு கைப்பிடி தோட்ட மண்ணே அந்த வேலையைச் செய்துவிடும்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பிழியும்போது விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. நீர் ஒழுகினால் அட்டை சேருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்துவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் காற்றுப் போதாமையைக் காட்டுகிறது. அடிவரை கிளற வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி நைட்ரஜன் மிகுந்ததன் அடையாளம். அதற்குக் கிளறுவது மட்டும் போதாது, சருகையும் கூட்ட வேண்டும்.

நோய்க்கிருமிகள் அழிய 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள் வெப்பம் நீடிக்க வேண்டும். சிறிய தொட்டி அவ்வளவு சூடேறுவதில்லை. ஆகவே இறைச்சி, செல்லப்பிராணிகளின் மலம், நோயுற்ற செடி ஆகியவற்றைப் போடாதீர்கள்.

சில மாதங்களில் கலவை கருமையாகி மண்வாசம் வரும். ஒரு பிடியைப் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள்; புளித்த வாடை வந்தால் உரம் இன்னும் முதிரவில்லை.

பிற்சேர்க்கை: உரத்தொட்டியில் புழு வந்துவிட்டதா? தடித்த, சாம்பல் கலந்த வெளிர்நிறப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் இளம்பருவம். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, தீங்கற்றவை. அவற்றைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சருகை அதிகமாக்கினால் போதும், மருந்து தெளிக்காதீர்கள். எறும்பு மொய்த்தால் கலவை காய்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டால் இடம் மாறிவிடும்.