நெஞ்சு பிரேஸுக்குள் சென்சார்: தவறு நடக்கும் இடங்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் திடீரென்று நீச்சலுக்கு வர மாட்டேன் என்கிறான். வீட்டில்கூடப் பனியனைக் கழற்றுவதில்லை. நெஞ்சின் நடுவெலும்பு முன்னால் துருத்திக்கொண்டு வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற தவிப்பு அது. புறா நெஞ்சு என்று சொல்வார்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகம். உடல் சட்டென்று உயரும் பருவத்தில்தான் நன்றாகக் கண்ணில் படும். அந்த வயதில் விலாவின் குருத்தெலும்பு இன்னும் வளைந்து கொடுக்கும். அதனால் நெஞ்சைச் சுற்றி மாட்டி முன்னாலிருந்து அழுத்தும் பட்டையான பிரேஸை மாதக்கணக்கில் அணிந்தே பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகிறது.

ஆனால் அணிய வேண்டும். சில மருத்துவமனைகளில் தொடக்கத்தில் நாளுக்கு 23 மணி நேரம் வரை அணியச் சொல்வார்கள். திருத்தம் வந்தபின் இரவில் மட்டும். “போட்டாயா?” என்று கேட்டால் “போட்டேன்” என்ற பதில் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எத்தனை மணி நேரம் அணிந்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அதற்காகத்தான் பிரேஸுக்குள் சிறிய சென்சார் வைக்கிறார்கள். ஒரு வகை வெப்பத்தைப் பதியும், இன்னொரு வகை அழுத்தத்தைப் பதியும். இரண்டுமே பயனுள்ளவை. அவை தரும் எண்ணைப் படிக்கும்போதுதான் நாம் சறுக்குகிறோம்.

முதலில் வெப்பம். சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் இந்தப் பதிவுக்கருவிகள் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேலே போனால் ‘அணிந்திருக்கிறான்’, கீழே இருந்தால் ‘கழற்றிவிட்டான்’ என்று கணக்கிடுவார்கள். குளிர்நாட்டு வீட்டில் அறை 20 டிகிரி, பிரேஸுக்கு அடியில் தோல் 34 டிகிரி என்றால் வரம்பை 28 டிகிரியில் வைத்தாலே போதும். அதே வரம்பை மே மாத மதுரைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மூடிய அறையில் நாற்காலி மேல் கிடக்கும் பிரேஸே 35 டிகிரி காட்டும். பையன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான், கருவியோ ‘அணிந்திருக்கிறான்’ என்று எழுதிக்கொண்டிருக்கும். ஏசி அறையில் தளர்வாகப் போட்டுக்கொண்டு தூங்கினால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்.

இதற்கு வழி இருக்கிறது. ஒற்றை வரம்பை நம்பாமல் வரைபடத்தின் வடிவத்தைப் பாருங்கள். உடலோடு ஒட்டியிருக்கும்போது கோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். சும்மா கிடக்கும்போது மதியம் ஏறி விடிகாலையில் இறங்கும். பையனின் அறையில் இரண்டாவது சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பிரேஸ் உடம்பில் இல்லை. நம் ஊர் வெயிலில் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வெப்பக் கணக்கை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, மணி நேரத்தையே சிகிச்சை என்று நினைத்துக்கொள்வது. தளர்வாக மாட்டிய பிரேஸும் சூடாகத்தான் இருக்கும். நாளுக்கு 18 மணி நேரம் என்று பதிவு சொல்லும், நெஞ்சு துளியும் மாறியிருக்காது. இங்கேதான் அழுத்தத்தை அளப்பது முக்கியமாகிறது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர் மார்செலோ மார்ட்டினெஸ்-ஃபெர்ரோவின் குழு பிரேஸோடேயே அழுத்தமானியை இணைத்து அளக்கும் முறையை உருவாக்கி, 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. டயருக்குக் காற்றடிக்கும் கடையில் சொல்கிறார்களே பி.எஸ்.ஐ., அதே அலகுதான். துருத்திய நெஞ்சை முதன்முதலாகச் சமமாக்கவே 7.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் தேவைப்பட்டால், அது விறைத்த நெஞ்சு. பிரேஸுக்கு ஏற்றதல்ல என்றார்கள். தினசரி அணியும்போது 2.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் தோல் புண்ணாகும் என்றும் எச்சரித்தார்கள். ஆகவே முதல் அளவைப் பதியாமல் பிரேஸை மாட்டி அனுப்புவது தவறு. பிறகு வரும் எந்த எண்ணையும் ஒப்பிடுவதற்கு அடிப்படையே இருக்காது.

அழுத்தம் குறைந்துவிட்டது என்றதும் பிரேஸின் ஸ்க்ரூவை இறுக்குவது அதைவிட ஆபத்தானது. சிகிச்சை பலிக்கும்போதும் அழுத்தம் குறையத்தான் செய்யும், நெஞ்சு பின்வாங்கி இடம் கொடுப்பதால். நெஞ்சை அழுத்தும் மெத்தைத் துண்டான பேட் நகர்ந்திருந்தாலும் குறையும், நிற்பதற்கும் படுப்பதற்கும் மாறும், மூச்சுக்கு மூச்சு ஆடும். போதாக்குறைக்கு, மெல்லிய விசை சென்சார்கள் பல, நெடுநேரம் அழுத்தத்தில் இருந்தால் தாமே அளவு பிசகும். எனவே எண் குறைந்தால் முதலில் நெஞ்சு மேட்டின் உயரத்தை அளந்து பாருங்கள், பேட் மேட்டின் உச்சியில் இருக்கிறதா பாருங்கள், தோலைப் பாருங்கள். பிரேஸைக் கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால், சென்சார் என்ன சொன்னாலும் தளர்த்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவு மீறி இறுக்கியே வந்தால் துருத்திய நெஞ்சு குழிவிழுவதும் உண்டு.

சென்சாரே புண்ணுக்குக் காரணமாகலாம். தடிமனான ஒன்றைப் பேடுக்கும் தோலுக்கும் நடுவில் செருகினால் மொத்த விசையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். பேடுக்குள் பதித்து வைக்கச் சொல்லுங்கள்.

சின்ன விஷயம்போல் தோன்றி எல்லாவற்றையும் கெடுப்பவை இரண்டு: நினைவகம், கடிகாரம். சில பொத்தான் கருவிகள் 2,048 அளவுகளைத்தான் வைத்துக்கொள்ளும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 21 நாளில் நிறைந்துவிடும். அப்புறம் பதிவை நிறுத்திவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். மூன்று மாதம் கழித்துப் போனால் கையில் மூன்று வாரக் கதைதான் இருக்கும். கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் ஓடினால், இரவு 11 மணிக்குக் கழற்றியதை மாலை 5.30 என்று காட்டும். ‘பள்ளி விட்டு வந்ததும் கழற்றிவிடுகிறான்’ என்று பையன் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவான்.

சராசரியை மட்டும் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். நாளுக்கு 14 மணி நேரம் என்பது ஏழு நாளும் 14 ஆகவும் இருக்கலாம், ஐந்து நாள் 20 ஆகி வாரக்கடைசியில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் பேச வேண்டிய பேச்சு வேறு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, பிள்ளைக்குத் தெரியாமல் சென்சார் வைப்பது. முதுகுத்தண்டு வளைவுக்கான பிரேஸ் விஷயத்தில் இதுபற்றி நல்ல சான்று இருக்கிறது. டெக்சாஸில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பதிவான நேரத்தைப் பிள்ளைகளோடு பகிர்ந்து ஆலோசனை சொன்ன குழு நாளுக்குச் சராசரியாக 13.8 மணி நேரம் அணிந்தது. பகிராத குழு 10.8 மணி நேரம். கருவி ஒன்றுதான், காட்டிப் பேசியதில் வந்த வித்தியாசம் மூன்று மணி நேரம். நெஞ்சு பிரேஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழு பதிவுக்கருவியை ஃபோன் செயலியோடு இணைத்து, பிள்ளைகளைத் தொலைவிலிருந்தே ஊக்கப்படுத்திப் பார்த்தது.

அதற்காக முதுகுத்தண்டின் எண்களை அப்படியே நெஞ்சுக்குத் தூக்கிவராதீர்கள். 2013-இல் வந்த பெரிய ஆய்வில் நாளுக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 முதல் 93 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. அது வளைவு கூடாமல் தடுத்த கணக்கு. நெஞ்சில் நாம் வடிவத்தையே மாற்றப் பார்க்கிறோம்.

வரைபடத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஓட்டை விழுந்தால் திட்டாமல் “அந்த நேரத்தில் என்ன நடக்கிறது?” என்று கேளுங்கள். வியர்வையில் தோல் அரிப்பதாக இருக்கலாம். பி.டி. வகுப்புக்கு முன் பையன்கள் முன்னால் சட்டை மாற்றும் வெட்கமாக இருக்கலாம். அரிப்பென்றால் உள்ளே பருத்தி பனியன், வெட்கமென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலக்கு. இவை மருத்துவரோடு பேசி முடிவு செய்யக்கூடிய விஷயங்கள்.

நெஞ்சு தட்டையானதும் சென்சாரை எடுத்துவிடும் அவசரம் இன்னொரு தவறு. இரவு மட்டும் அணியும் காலத்தில்தான் எல்லோருக்கும் கவனம் தளர்கிறது. பையனோ இன்னும் உயரமாகிக்கொண்டிருக்கிறான். வளர்ச்சி முடியும்வரை மேடு திரும்ப எழக்கூடும். மாதம் ஒருமுறை பதிவை இறக்கிப் பார்ப்பது, கூடவே நெஞ்சின் உயரத்தை அளந்து குறித்துவைப்பது, இவ்விரண்டையும் அதுவரை நிறுத்த வேண்டாம்.