தோட்டப்புறத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பொட்டலம் அனுப்புகிறவர்கள் பொதியுறைச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) என் அக்கா பட்டு நூல் வளையல் செய்து இணையத்தில் விற்கிறார். அவருடைய வாடிக்கையாளர்களில் பலர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் குடியேறிய ஈழத் தமிழர்கள். ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, அவர் விற்றுவந்த இணையச் சந்தை ஜெர்மனிக்கான விற்பனையை மட்டும் முடக்கிவிட்டு, பொதியுறைப் பதிவெண்ணைத் தருமாறு கேட்டது. வளையலில் குறை இருப்பதாகவே முதலில் நினைத்தோம். குறை வளையலில் இல்லை, அதைச் சுற்றியிருந்த அட்டைப் பெட்டியில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

ஜெர்மனியின் பொதியுறைச் சட்டம் 2019 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பொருளைச் சுற்றி எதையேனும் கட்டி, அது இறுதியில் ஒரு வீட்டின் குப்பைத் தொட்டியில் போய்ச் சேரும்படி ஜெர்மனிக்குள் அனுப்புகிறவர் எவரோ, அவரே அந்தக் கட்டின் 'உற்பத்தியாளர்' என்பது அதன் அடிப்படை. பெட்டியை எந்த ஆலை தயாரித்தது என்பதை இதற்குப் பார்ப்பதில்லை. நம் ஊர் அஞ்சல் நிலையத்திலிருந்து நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பினால் பொறுப்பு நம்முடையது. ஜெர்மனியில் உள்ள கடைக்காரர் ஒருவர் நம்மிடம் மொத்தமாக வாங்கி, எல்லையைக் கடக்கும்போது சரக்குக்குச் சட்டப்படி தாமே பொறுப்பேற்றிருந்தால் அது அவருடையது. குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்புகிறவரையும் சட்டம் கட்டுப்படுத்தும். பதிவு செய்யாமல் விற்றால் 100,000 யூரோ வரையிலும், மறுசுழற்சிக் கட்டணத்தைச் செலுத்தாமல் விற்றால் 200,000 யூரோ வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் இணையச் சந்தைகளும் கிடங்கு நிறுவனங்களும் விற்பனையாளரின் பதிவைச் சரிபார்க்கக் கடமைப்பட்டுள்ளன. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஆர்டர் எடுப்பவர்களிடம் யாரும் பதிவெண்ணைக் கேட்பதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் சட்டம் அவர்களுக்கும் அதுவே.

நம் தெருவில் பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்து, அட்டையை எடை போட்டு நமக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறது. அங்கே ஏற்பாடு வேறு. 1991ஆம் ஆண்டு விதிமுறையிலிருந்தே, நகராட்சியின் குப்பை வண்டிக்கு இணையாகப் பொதியுறைகளை மட்டும் சேகரிக்கும் இரண்டாவது ஏற்பாடு ஒன்று இயங்கிவருகிறது. அதனால்தான் அதை நடத்தும் தனியார் நிறுவனங்களை 'இரட்டை அமைப்பு' என்கிறார்கள். அந்தச் சேகரிப்புக்கான செலவைப் பொருளை அனுப்புகிறவர் முன்கூட்டியே செலுத்த வேண்டும். அவர் அனுப்பும் அட்டை எத்தனை கிலோ, பிளாஸ்டிக் எத்தனை கிலோ என்பதை வைத்தே அந்தத் தொகை கணக்கிடப்படுகிறது.

ஆகவே எந்தப் படிவத்தையும் திறப்பதற்கு முன், சமையலறைத் தராசை மேசைமேல் வையுங்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் பொட்டலம் ஒன்றை, அஞ்சலுக்குக் கொண்டுபோவது போலவே முழுமையாகக் கட்டி, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போடுங்கள். அக்காவின் பொட்டலத்தில் அட்டைப் பெட்டி 62 கிராம், காற்றுக் குமிழ் உறை 9 கிராம், வளையலை நேராக இடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை 4 கிராம், செலோ டேப் 3 கிராம் இருந்தன. ஆண்டுக்கு 40 பொட்டலம் என்றால் அட்டை 2.48 கிலோ, பிளாஸ்டிக் 640 கிராம். டேப்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அதுவும் பொதியுறைதான். இடைவெளியை அடைக்கக் கசக்கித் திணிக்கும் பழைய மக்கள் ஓசை நாளிதழும் பொதியுறைதான். கண்ணாடி, அட்டையும் காகிதமும், பிளாஸ்டிக், இரும்பு, அலுமினியம் எனப் பொருள்வாரியாகக் கணக்குக் கேட்பார்கள் என்பதால், அளவு மாறும் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டால், பிறகு பொட்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்குவது மட்டுமே வேலை.

நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது பழைய பெட்டியில்தான். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய மைலோ பெட்டியை வெட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒட்டி அனுப்புவது சிக்கனமான பழக்கம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதான். ஏற்கெனவே பயன்படுத்திய பெட்டிக்கு எதற்குக் கட்டணம் என்று அக்காவும் கேட்டார். அந்தப் பெட்டிக்கான கட்டணத்தை ஜெர்மனியில் ஏற்கெனவே ஒருவர் செலுத்திவிட்டார் என்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே அங்கே விலக்கு உண்டு. பேராக்கில் பிறந்து பேராக்கிலேயே ஒரு முறை பயன்பட்ட பெட்டிக்கு ஜெர்மனியில் யாரும் எதையும் கட்டியிருக்க முடியாது. எனவே அது எத்தனை கடைகளைச் சுற்றி வந்திருந்தாலும், ஜெர்மானியக் கணக்கில் புதுப் பெட்டியாகவே எடை போடப்படும். மைலோ பெட்டியின் அட்டை கனமானது என்பதால், மெல்லிய புதுப் பெட்டியை வாங்குவது சில சமயம் மலிவாகவே முடியும்.

எடைக் கணக்கு கையில் வந்ததும் லூசிட் என்ற பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். ஓஸ்னாப்ரூக் நகரில் உள்ள மத்தியப் பொதியுறைப் பதிவு அமைப்பு இதை நடத்துகிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பக்கங்கள் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தின் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். அந்தப் பதிவெண், வரி எண், நீங்கள் விற்கும் பிராண்டுகளின் பெயர்கள் ஆகியவற்றையும் தயாராக வைத்திருங்கள். பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் முகவர்கள் உண்டு. மற்ற வேலைகளை அவர்களிடம் விடலாம். லூசிட் பதிவை மட்டும் விற்பனையாளரே செய்ய வேண்டும் என்பது சட்டம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பதிவேடு பொதுமக்கள் எவரும் தேடிப் பார்க்கக்கூடியது. வீட்டு முகவரியில் தொழில் நடத்துகிறவர்கள் இதை மனத்தில் வைத்தே முகவரியைக் கொடுக்க வேண்டும்.

பதிவெண் கிடைத்தபின் இரட்டை அமைப்பு நிறுவனங்களுள் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யுங்கள். டெர் குரூனே புங்க்ட், இன்டர்செரோ, லேண்ட்பெல் முதலியவை இவற்றில் சில. ஒவ்வொன்றின் விலையும் வேறு. சிறு விற்பனையாளருக்கு எடையைவிடக் குறைந்தபட்சக் கட்டணமே பெரிதாக நிற்கும் என்பதால், மூன்று நான்கு நிறுவனங்களின் இணையக் கணிப்பானில் அதே எடையைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வரும் ஆண்டுக்கான உத்தேச எடையைச் சொல்லிப் பணம் கட்டியதும், உடனே லூசிட்டுக்குத் திரும்பிச் சென்று, எந்த நிறுவனம், எத்தனை கிலோ என்பதை அங்கேயும் பதிய வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலும் இரண்டு இடத்துக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கடமை நிறைவேறியதாகாது. ஆண்டு முடிந்ததும் உண்மையில் அனுப்பிய எடையை அதேபோல் இரண்டு இடங்களிலும் தெரிவிக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் பயன்படுவது அப்போதுதான்.

பெட்டியின்மேல் ஜெர்மனிக்காக எந்தச் சின்னமும் அச்சிட வேண்டியதில்லை. இரண்டு அம்புகள் பின்னிய பச்சைப் புள்ளிச் சின்னம் 2009 முதல் அங்கே கட்டாயமல்ல. அது பதிவு பெற்ற வணிகச் சின்னமும்கூட. அழகுக்காக அச்சகத்தார் அதைச் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிரான்சில் இதற்கு நேர்மாறு. அங்கே வீட்டுக்குப் போகும் பொதியுறையில், தரம்பிரித்துப் போட வேண்டியது என்பதைக் காட்டும் டிரிமான் சின்னமும், எந்தப் பகுதியை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். பழைய இருப்பைத் தீர்க்கக் கொடுத்த அவகாசம் 2023 மார்ச் 9ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முதலில் பொதியுறைப் பொறுப்பைக் கவனிக்கும் சிட்டியோ அல்லது லெக்கோ அமைப்பில் சேர வேண்டும், பிறகு அதன் வழியாக அடெம் என்ற அரசு முகமையின் தனி அடையாள எண் கிடைக்கும். 2022 ஜனவரி 1 முதல் இணையச் சந்தைகள் அந்த எண்ணைக் கேட்கின்றன. ரவிக்கையும் பாவாடையும் விற்கிறவர்கள் கவனிக்க: பிரான்சில் துணிமணிக்குத் தனிப் பொறுப்பு உண்டு, அதற்கு ரீஃபேஷன் என்ற வேறோர் அமைப்பில் சேர வேண்டும். பொதியுறை எண் அதற்கு ஈடாகாது.

ஆஸ்திரியா 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு விற்பனையாளர் உள்நாட்டில் ஓர் அதிகாரம் பெற்ற பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்கிறது. ஸ்பெயினின் 1055/2022 அரச ஆணையும் அப்படியே. பிரதிநிதிக்கான கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்கு ஆர்டர் வராதவரை இந்த இரண்டு நாடுகளையும் அனுப்பும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பிரிட்டனில் கவலை குறைவு. அங்கே பொதியுறைப் பொறுப்பு, ஆண்டு வருமானம் 10 இலட்சம் பவுண்டையும் பொதியுறை 25 டன்னையும் தாண்டும் நிறுவனங்களுக்கே வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான 2025/40 எண்ணுள்ள ஒழுங்குமுறையின் பொது விதிகள் நடப்புக்கு வரும் நாள் 2026 ஆகஸ்ட் 12. அதன்படி, 2030 முதல் இணைய வணிகப் பெட்டியில் வெற்றிடம் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கசக்கிய காகிதமும் காற்றுக் குமிழ் உறையும் அடைத்த இடமும் அங்கே வெற்றிடமாகவே கருதப்படும். ஒரு ஜோடி வளையலைக் காலணிப் பெட்டியளவு பெட்டியில் போட்டு, மீதியை நாளிதழால் நிரப்பும் முறை அதன்பின் செல்லாது. அடுத்த முறை பெட்டி வாங்கும்போதே வளையலைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். எடையும் குறையும், அஞ்சல் செலவும் குறையும்.

ஜெர்மனிக்கு அனுப்புவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டால், அந்த ஆண்டின் இறுதிக் கணக்கைக் கொடுத்துவிட்டு, விற்பனை நின்றதை லூசிட்டில் தெரிவியுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டிய கடைசி நாளை இரட்டை அமைப்பின் விதிமுறையில் பார்த்து, முன்னதாகவே எழுத்து மூலம் அறிவித்துவிடுங்கள்.