சி.எஸ்.ஐ ஸ்கூல்ல புதுசா சேத்தறீங்களா? ஜூன் வர்றதுக்குள்ள முடிக்க வேண்டிய வேலைங்க

மே மாசம் பொறந்துட்டா ஈரோடு, கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் நாலு பேர் கூடற எடத்துல எல்லாம் ஒரே கேள்விதானுங்க, பிள்ளைய எங்க சேத்தறீங்கன்னு. சி.எஸ்.ஐ ஸ்கூல்ல சேத்தலாம்னு முடிவு பண்ணி, ஆனா குடும்பத்துல யாரும் இதுக்கு முன்னாடி அந்த மாதிரி ஸ்கூல்ல படிக்கல, என்ன ஏதுன்னு தெரியலன்னு முழிக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஏற்கெனவே அங்கயே படிச்ச அப்பா அம்மா இத தாண்டிப் போயிடலாம், உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சதுதான்.

ஸ்டெப் 1: யாரோட ஸ்கூல்னு தெரிஞ்சுக்கங்க

நம்ம ஊர்ல சிலுவை வெச்ச கட்டடம் எல்லாமே கான்வென்ட்தான், உள்ள போனதும் ஃபாதர் இருக்காங்களா சிஸ்டர் இருக்காங்களான்னு கேட்டுட்டு நிப்போம். அவங்கெல்லாம் கத்தோலிக்க சபை, சி.எஸ்.ஐ (சர்ச் ஆஃப் சவுத் இந்தியா) வேற சபைங்க. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்னு தனித்தனியா இருந்த சபைங்க எல்லாம் ஒட்டுக்கா சேந்து 1947 செப்டம்பர் 27ல மெட்ராஸ்ல உருவானதுதான் தென்னிந்தியத் திருச்சபை, உலகளாவிய ஆங்கிலிகன் கூட்டமைப்புலயும் அது இருக்கு. கொங்குப் பக்கம் பழைய ஸ்கூல் நெறய லண்டன் மிஷன்காரங்க வேலையில இருந்து வந்தது, ஈரோட்ல இன்னும் பிரப் ரோடுன்னு சொல்றோமே, அந்த பிரப் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த லண்டன் மிஷன் ஊழியர்தான். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ்ல இருக்கற ஆல் சோல்ஸ் சர்ச் மாதிரி நேரடியா ஆங்கிலிகனா இருந்ததும் உண்டு. 1950ல கோயம்புத்தூர் திருமண்டலம் (சபையோட நிர்வாகப் பிரிவு) தனியா வந்தது.

இதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிக்க வேண்டாம். ஆபீஸ்ல யார்கிட்ட பேசணும்னு தெரிஞ்சா போதும். தினப்படி விஷயத்துக்கு ஹெட்மாஸ்டர், அதுக்கு மேல தாளாளர், அவர் பல எடத்துல ஆயராவே (சர்ச் பாஸ்டர்) இருப்பார், ஐயான்னு கூப்பிட்டா போதும்.

ஸ்டெப் 2: எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?

இதுதானுங்க மொத்த விஷயத்துலயும் முக்கியமானது, மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடிதான். ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டு, ஒரே பேரு, ஆனா உள்ள ஒரு பக்கம் அரசு உதவி பெறும் செக்‌ஷன், இன்னொரு பக்கம் சுயநிதி செக்‌ஷன்னு இருக்கும். வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்ளிகேஷன் வாங்கும்போதே "இந்த செக்‌ஷன் எய்டடுங்களா"ன்னு வாயத் தொறந்து கேட்டுடுங்க, கூச்சமே வேண்டாம்.

ஏன் கேக்கணும்னா, எய்டட்னா பாடப்புத்தகம் இலவசம், சத்துணவு உண்டு, கவர்மெண்ட் பஸ்ல ஃப்ரீ பாஸ் உண்டு. 1ல இருந்து 5 வரைக்கும் காலை உணவுத் திட்டம் மொதல்ல கவர்மெண்ட் ஸ்கூல்ல வந்து, 2024ல கிராமத்து எய்டட் ஸ்கூலுக்கும் 2025 ஆகஸ்ட்ல டவுன் எய்டட் ஸ்கூலுக்கும் வந்துச்சு. எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சு காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டத்துல வரும், பையனுக்கு தமிழ்ப் புதல்வன். சுயநிதி செக்‌ஷன்ல இதுல எதையும் எதிர்பாக்க வேண்டாம். அங்க ஃபீஸ்தான் பேச்சு, அதுலயும் கவர்மெண்ட் வெச்சிருக்கற கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு நிர்ணயிச்சிருக்காங்கன்னு கேட்டுப் பாத்துட்டு அப்பறம் கட்டுங்க, கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கிக்கங்க.

இன்னொன்னு, இத யாருமே சொல்ல மாட்டாங்க. அஞ்சாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைய ஆறாவதுக்கு இங்க மாத்தறீங்கன்னா ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. டாக்டர் சீட்டுக்கு இருக்கற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு, எய்டட் ஸ்கூல் அதுல வராது. டாக்டர் கனவு இருக்கற வீடா இருந்தா இது சின்ன விஷயமில்ல. அதுக்காக மாத்த வேண்டாம்னு நான் சொல்லல, தெரிஞ்சு மாத்துங்கன்னுதான் சொல்றேன்.

அதே மாதிரி 25 சதவீத ஆர்.டி.இ சீட்டு (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்கற சீட்டு) இங்க இருக்கான்னு கேட்டு வெசனப்பட்டுட்டு இருக்காதீங்க, 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி இந்த மாதிரி சிறுபான்மை ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால அந்தக் கதவ இங்க தட்டி பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 3: பேப்பருங்க

பொறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வேற ஸ்கூல்ல இருந்து வந்தா டிசி. எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கங்க, ஒரிஜினல் காட்டத்தான், குடுக்கறது ஜெராக்ஸ்தான் (டிசி மட்டும் ஒரிஜினலே வாங்கிக்குவாங்க, அத நீங்க ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கங்க). சாதிச் சான்றிதழ் இல்லன்னா இ-சேவை மையத்துல ஏப்ரல்லயே போட்டுடுங்க, ஜூன்ல போனீங்கன்னா ஊரே அங்கதான் நிக்கும். பிள்ளைக்கு அஞ்சு வயசு தாண்டியிருந்தா ஆதார்ல கைரேகை, கண் பதிவு புதுப்பிக்கணும், பதினஞ்சுலயும் ஒருக்கா.

இதுல நீங்க உக்காந்து கவனமா பாக்க வேண்டியது பேரு. அட்மிஷன் ஃபாரத்துல எழுதற பேருதான் எமிஸ்ல (கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) ஏறும், எமிஸ்ல ஏறினதுதான் போகப் போக பத்தாவது மார்க் ஷீட் வரைக்கும் போகும். பொறப்புச் சான்றிதழ்ல தமிழ்செல்வன், ஆதார்ல தமிழ்ச்செல்வன், ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடின்னு இருக்கும். அப்பாரு பேரையும் சேத்து ரெண்டு இனிஷியல் வெச்ச வீடுங்க நம்ம பக்கம் உண்டு, ஒரு பேப்பர்ல ரெண்டு, இன்னொரு பேப்பர்ல ஒண்ணுன்னு இருந்தா அங்கதான் சிக்கல். ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது ஸ்கிரீனைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லி, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுத்துக்கூட்டிப் பாருங்க. பொறந்த தேதியையும் பாருங்க. அன்னைக்கு அஞ்சு நிமிஷம், பின்னாடி மாத்தணும்னா அலைச்சல்.

ஸ்டெப் 4: ஜெபம், வேதபாடம்

இதப் பத்திதான் வீட்ல பெரியவங்க எச்சா யோசிப்பாங்க, அப்புச்சி ஒண்ணு சொல்லும், அம்மாயி ஒண்ணு சொல்லும். நடக்கறது என்னன்னு சொல்லிடறேன். காலைல அசெம்ப்ளில ஒரு கீர்த்தனையோ பாமாலையோ பாடுவாங்க, பைபிள்ல ரெண்டு வசனம் வாசிப்பாங்க, ஜெபம், பொறவு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு எல்லாருமா சேந்து சொல்லுவாங்க. கூடவே தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், உறுதிமொழி, செய்தின்னு எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதும் இருக்கும். டைம்டேபிள்ல கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு வேதபாடமும் மத்தவங்களுக்கு நீதிபோதனையும்னு பிரிச்சு வெச்சிருக்கற ஸ்கூல் உண்டு, எல்லாரையும் ஒண்ணா உக்கார வெக்கற ஸ்கூலும் உண்டு. சேத்தறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, அரசியலமைப்பு 28வது பிரிவு 3வது உட்பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ வாங்கற எந்த ஸ்கூலும் பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளைய மத போதனைலயோ வழிபாட்டுலயோ கலந்துக்கச் சொல்ல முடியாது. 30வது பிரிவுப்படி சிறுபான்மையினர்ங்கறதால அந்த ஸ்கூல நடத்தற உரிமை சபைக்காரங்களுக்கு இருக்கு. ரெண்டும் ஒண்ணா நிக்குது. நம்ம ஊர்ல இத வெச்சு யாரும் ஓரியாட்டம் போடறதில்ல, தலைமுறை தலைமுறையா கவுண்டர் வீட்டுப் பையனும் பாய் வீட்டுப் பொண்ணும் அந்த அசெம்ப்ளில நின்னு வளந்தவங்கதான். என் அபிப்பிராயம், பிள்ளைகிட்ட "அமைதியா நில்லு சாமி, பாட்டு புடிச்சா பாடு"ன்னு சொன்னா போதும். இல்ல, எங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா சேத்தும்போதே ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க. நடு வருஷத்துல பிள்ளைய விட்டு சொல்ல வெக்கறதுதான் தப்பு, அது பாவம் ரெண்டு பக்கமும் மாட்டிக்கும்.

விபூதி, பொட்டு, கறுப்புக்கயிறு, கொலுசு இதுக்கு ஸ்கூலுக்கு ஸ்கூல் ரூல் வேற. பல எடத்துல நகைக்குத்தான் கண்டிப்பு. தைப்பூசத்துக்கு பழனிக்கு மாலை போடற வீடா இருந்தா டிசம்பர்லயே கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சுடுங்க, காலைல கேட்ல நிறுத்தி விசாரிக்கற வேலை மிச்சம்.

ஸ்டெப் 5: யூனிஃபார்ம், சோறு, பஸ்

யூனிஃபார்ம் துணி ஸ்கூல்லயே குடுப்பாங்களா வெளிய எடுக்கணுமான்னு கேளுங்க. வெளியன்னா கலர் மாதிரிக்கு ஒரு துண்டுத் துணி வாங்கிட்டுப் போங்க, "நேவி ப்ளூ"ன்னு சொல்லிட்டு கடைக்குப் போனா நாலு விதமான ப்ளூ எடுத்துப் போடுவாங்க. ஈரோட்டுப் பக்கம் இருக்கறவங்க கனி மார்க்கெட் வாரச் சந்தைக்கு, திங்கள் ராத்திரியோ செவ்வாயோ போனா வெலை கொறையும். ரெண்டு செட் போதாதுங்க, கோயம்புத்தூர் பொள்ளாச்சிப் பக்கம் ஜூன்ல சாரல் புடிச்சுட்டா துணி காயவே காயாது, மூணு தைங்க. தையல்காரர்கிட்ட மே முதல் வாரமே குடுத்துடுங்க, ஓரம் ரெண்டு இஞ்ச் மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, பொடுசுங்க ஆறே மாசத்துல வளந்துடும். ஹவுஸ் கலர் டீ-ஷர்ட்டு மட்டும் எந்த ஹவுஸ்னு சொன்ன பொறவு எடுங்க.

சோத்துக்கு நெம்ப யோசிக்காதீங்க. மொதல் வாரம் அரிசிம்பருப்பு சாதம், உருளைக்கெழங்கு, பிள்ளையே தொறக்க முடியற மூடி வெச்ச போசி. அந்த மூடிய வீட்லயே நாலு தடவ தொறந்து மூடிப் பழக்கி உடுங்க.

பஸ் பாஸ் ஸ்கூல் மூலமாத்தான் வரும், கொஞ்சம் லேட்டாகும். அதுவரைக்கும் பழைய பாஸும் யூனிஃபார்மும் இருந்தா ஏத்திக்குவாங்க, கண்டக்டர் கேட்டா அத காட்டச் சொல்லுங்க.

ஸ்டெப் 6: டைரியத் தொறந்து வருஷத்த குறிச்சுக்கங்க

மொத வாரத்துலயே டைரி குடுத்துடுவாங்க. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து வீட்டுக் காலண்டர்ல ரெண்டு கணக்கையும் ஒண்ணா எழுதிடுங்க. செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, ஏப்ரல் வாக்குல முழுப்பரீட்சை. ஸ்கூல் பக்கம் செப்டம்பர் 27 சி.எஸ்.ஐ தினம், அறுப்பின் பண்டிகை (வெளைச்சலுக்கு நன்றி சொல்ற சர்ச் பண்டிகை), டிசம்பர்ல கேரல் சர்வீஸ் (கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை). நம்ம பக்கம் ஆடி 18, தைப்பூசம், பங்குனில பண்ணாரி குண்டம். பண்ணாரிதான் முழுப்பரீட்சையோட மோதற மாதிரி வரும், அதனால குண்டம் எறங்கற வேண்டுதல் இருக்கறவங்க பரீட்சை டைம்டேபிள் வந்ததும் பாத்து வெச்சுக்கங்க.

அறுப்பின் பண்டிகைக்கு காய்கறி, தானியம், தேங்கா ஏதாவது கொண்டு வரச் சொல்லலாம், தோட்டத்துல வெளஞ்சத குடுத்து உடுங்க, கட்டாயமெல்லாம் இல்ல. கேரல் பாடற கூட்டத்துல உங்க பிள்ளைய நிறுத்தினா வெள்ளை டிரஸ் கேப்பாங்க. உங்க ஸ்கூல்ல பி.டி.க்கு வெள்ளை யூனிஃபார்ம் இருந்தா அதையே நல்லா நீலம் போட்டு இஸ்திரி பண்ணிக் குடுங்க, அதுக்குன்னு புதுசு எடுக்க வேண்டாம்.