எந்த எலும்பு, எத்தனை பேருக்கு? ரலாக்சிஃபீன் ஆய்வுகளைப் படிக்கும் முறை

எலும்புப்புரைக்கு ரலாக்சிஃபீன் எழுதிக் கொடுத்த பிறகு இணையத்தில் தேடினால், "முறிவு 30 சதவீதம் குறையும்" என்று ஒரு பக்கம் சொல்லும், "ரத்த உறைவு மூன்று மடங்காகும்" என்று இன்னொரு பக்கம் மிரட்டும். இரண்டும் 1999இல் வெளியான 'மோர்' என்ற ஒரே ஆய்விலிருந்து வந்தவை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் எந்த எலும்பு, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பது தெரியாமல் இவற்றால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. மருந்தியல் மாணவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அம்மாவின் மருந்துச்சீட்டோடு மூலக் கட்டுரையைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உதவும்படி, அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறை இது. தாளும் கால்குலேட்டரும் போதும்.

மருந்தையும் ஆளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

ரலாக்சிஃபீன், டமாக்சிஃபென், பாசிடாக்சிஃபீன், லாசோஃபாக்சிஃபீன் எல்லாம் 'செர்ம்' குடும்பம், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் வேலையைத் திசுவுக்குத் திசு வேறுவிதமாக மாற்றும் மருந்துகள். ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் அதே ஏற்பியில்தான் இவையும் ஒட்டுகின்றன. ஆனால் ஒட்டியதும் ஏற்பி எந்த வடிவத்துக்கு மடங்குகிறது, அந்தத் திசுவில் எந்தத் துணைப் புரதங்கள் வந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் ஈஸ்ட்ரோஜனைப் போலவும் இன்னோரிடத்தில் அதற்கு எதிராகவும் வேலை செய்கின்றன. ரலாக்சிஃபீன் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் பக்கம், மார்பகத்தில் எதிர்ப் பக்கம், கருப்பையின் உள்சுவரைத் தூண்டுவதில்லை. டமாக்சிஃபென் அந்த உள்சுவரைத் தூண்டும். எனவே ஒரு செர்ம் மருந்தின் முடிவை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றி எழுதக் கூடாது.

ஆள் மாறினாலும் முடிவு மாறும். டமாக்சிஃபென் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தியைக் காக்கிறது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கோ அதைக் குறைக்கிறது. அவர்கள் உடலில் வலுவான சொந்த ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது உட்கார வேண்டிய நாற்காலியில் வலுக் குறைந்த மருந்து உட்கார்ந்துகொண்டால் எலும்புக்கு நட்டம்தான். அதனால் கட்டுரையைத் திறந்ததும் 'யார் சேர்க்கப்பட்டார்கள்' என்ற பத்திக்குப் போங்கள். மோர் ஆய்வில் 25 நாடுகளைச் சேர்ந்த 7,705 பேர். எல்லோரும் மாதவிடாய் நின்று குறைந்தது 2 ஆண்டு ஆனவர்கள், எல்லோருக்கும் எலும்புப்புரை, சராசரி வயது 66.5. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்மெலாக்சிஃபீனும் ஒரு செர்ம்தான். 'சஹேலி', 'சாயா' என்ற பெயர்களில் கருத்தடை மாத்திரையாக வருகிறது. பெயர் ஒலிப்பதைப் பார்த்து அதை எலும்பு மருந்தாக எண்ணிவிட வேண்டாம்.

எதை 'முறிவு' என்று எண்ணினார்கள்?

செர்ம் ஆய்வுகளில் அதிகமாகத் தவறிப் படிக்கப்படுவது இதுதான். மூன்று வேறு அளவுகோல்கள் ஒரே கட்டுரையில் கலந்து வரும்.

முதலாவது அடர்த்தி. மோர் ஆய்வில் 60 மி.கி. எடுத்தவர்களுக்கு மூன்று ஆண்டில், போலி மாத்திரைக் குழுவோடு (மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்கள்) ஒப்பிட, முதுகெலும்பில் 2.6%, தொடை எலும்பின் கழுத்தில் 2.1% கூடுதல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் முறிவு குறைந்ததில் அடர்த்தி உயர்வின் பங்கு ஏறத்தாழ 4% மட்டுமே என்று அதே ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது தெரிந்தது. எலும்பு கரையும் வேகம் தணிவது போன்ற வேறு காரணங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. அடர்த்தியை மட்டும் வைத்து ஒரு செர்மைப் புகழ்வதும் ஒதுக்குவதும் வீண்.

இரண்டாவது, எக்ஸ்ரேயில் தெரியும் முறிவு. முள்ளெலும்பின் உயரம் 20 சதவீதமாவது குறைந்தால் அது கணக்கில் வரும். இப்படி நசுங்கிய பலருக்கு வலியே இருந்திருக்காது. மூன்றாவது, வலியோடு மருத்துவரிடம் வந்து உறுதியாகும் முறிவு. எண்ணிக்கையில் இது எப்போதும் சிறியது. மோர் ஆய்வின் தலைப்பு எண்கள் இரண்டாம் வகை. கீழே பார்க்கப்போகும் 'ரூத்' ஆய்வின் எண்கள் மூன்றாம் வகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பது தவறு.

கணக்கு

மூன்று ஆண்டு முடிவில் புதிய முதுகெலும்பு முறிவு: போலி மாத்திரை 10.1%, ரலாக்சிஃபீன் 60 மி.கி. 6.6%, 120 மி.கி. 5.4%.

ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 6.6 ÷ 10.1 = 0.65. கட்டுரை இதை 0.7 என்று முழுமையாக்குகிறது. "30% குறைவு" வந்த வழி அதுதான். இனி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள்: 10.1 − 6.6 = 3.5. நூறு பெண்களில் மூன்று நான்கு பேருக்கு முறிவு தவிர்க்கப்பட்டது. 100 ÷ 3.5 = 28.6. அதாவது ஒருவருக்கு முறிவைத் தடுக்க 29 பேர் மூன்று ஆண்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

இங்கே நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களையும் முறியாதவர்களையும் பிரித்துப் போடுங்கள். முறிந்தவர்களிடம் 21.2 சதவீதம் 14.7 ஆனது. வித்தியாசம் 6.5, ஆகவே 16 பேர். முறியாதவர்களிடம் 4.5 சதவீதம் 2.3 ஆனது. வித்தியாசம் 2.2, ஆகவே 46 பேர். விகிதத்தில் பார்த்தால் இரண்டாம் கூட்டத்துக்கே லாபம் அதிகம், ஏறக்குறைய பாதி. தலைகளை எண்ணினால் முதல் கூட்டத்துக்கு. விளம்பரத் தாள்கள் எதை அச்சிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் போடும்போது வழுக்கும் இடங்கள் சில. இந்தச் சதவீதங்களின் அடி எண் 7,705 அல்ல, படிக்கத்தக்க எக்ஸ்ரே கிடைத்த 6,828 பேர். அடுத்து, மார்பகப் புற்றுநோய் பற்றிய பகுதியில் 60, 120 மி.கி. குழுக்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். 13 பேர், 27 பேர் என்ற வெறும் எண்ணிக்கையைப் பார்த்துப் பாதி என்று எழுதினால் தவறு. முதலாவது 5,129 பேரில், இரண்டாவது 2,576 பேரில். வகுத்தால் விகிதம் 0.24. கடைசியாக, '29 பேர்' என்பதை வேறொரு ஆய்வின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 7,492 பெண்களிடம் நடந்த பாசிடாக்சிஃபீன் ஆய்வில் ரலாக்சிஃபீனும் ஒரு குழுவாக இருந்தது. அங்கே முறிவு 4.1 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது, 56 பேர். மருந்து அதுவே, அளவும் அதுவே. சேர்ந்தவர்களின் ஆபத்து குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

இடுப்பு எங்கே?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. மோர் ஆய்வில் முதுகெலும்பு தவிர்ந்த முறிவுகளுக்கான விகிதம் 0.9, நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதம் இருக்கக்கூடிய எல்லை) 0.8 முதல் 1.1 வரை. இடைவெளிக்குள் 1 இருக்கிறது, 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள், எனவே பலன் நிரூபணமாகவில்லை. தொடர்ச்சியாக நடந்த 'கோர்' ஆய்வில் எட்டு ஆண்டுகள் பார்த்தும் கதை மாறவில்லை. லாசோஃபாக்சிஃபீன் 0.5 மி.கி. ஐந்து ஆண்டில் முதுகெலும்பு தவிர்ந்த முறிவுகளை 24% குறைத்தது. ஆனால் ஐரோப்பாவில் 2009இல் அனுமதி கிடைத்தும் அது எலும்பு மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

ஆகவே எழுபத்தைந்து வயதில், இடுப்பு டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் மதிப்பெண்) மோசமாக, அடிக்கடி தடுமாறி விழும் ஒருவருக்கு ரலாக்சிஃபீன் முதல் தேர்வல்ல என்பதே எங்கள் கணிப்பு. இடுப்பு முறிவைக் குறைப்பதாக நிரூபணமான அலெண்ட்ரோனேட் போன்றவை அங்கே முன்னால் நிற்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியில், முதுகெலும்பு மட்டும் மெலிந்து, மார்பகப் புற்றுநோய் அபாயமும் உள்ளவருக்கு இந்த மருந்தின் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

மறுதட்டு

கேடுகளுக்கு 2006இல் வெளியான ரூத் ஆய்வை எடுங்கள். இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 10,101 பெண்கள், சுமார் 5.6 ஆண்டுகள். 1,000 பெண்கள் ஓராண்டு மாத்திரை எடுத்தால் என்ற ஒரே அலகில் அது எல்லாவற்றையும் தருகிறது: சிரை ரத்த உறைவு 1.2 கூடுதல், உயிரைப் பறிக்கும் பக்கவாதம் 0.7 கூடுதல், பரவும் மார்பகப் புற்றுநோய் 1.2 குறைவு, வலியோடு வரும் முதுகெலும்பு முறிவு 1.3 குறைவு. மாரடைப்பில் மாற்றமில்லை.

எண்கள் கிட்டத்தட்ட சமமாகத் தெரிவதற்குக் காரணம், இவர்கள் எலும்புப்புரைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். எலும்புப்புரை உள்ளவரிடம் லாபத் தட்டு கனக்கும். பக்கவாத ஆபத்து உள்ளவரிடம் மறுதட்டு.

மாத்திரை எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாளுக்கு ஒரு 60 மி.கி. மாத்திரை, எந்த நேரத்திலும், உணவோடோ இல்லாமலோ. அலெண்ட்ரோனேட் போல வெறும் வயிற்றில் எடுத்து நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. 120 மி.கி. எண்கள் கவர்ந்தாலும் அந்த அளவு பழக்கத்தில் இல்லை. மோர் ஆய்வில் எல்லோருக்கும் 500 மி.கி. கால்சியமும் வைட்டமின் டி-யும் கூடவே தரப்பட்டன. அவை இல்லாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் உறைந்திருந்தால் இந்த மருந்து கூடாது. அறுவைச் சிகிச்சை போல நீண்ட படுக்கை வருமென்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி நிறுத்தி, நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். நெடும்பயணத்தில் இடையிடையே எழுந்து நடங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், முகமோ கையோ ஒரு பக்கமாகச் செயலிழத்தல் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்பைக் குறைக்கத் தரும் கொலஸ்டிரமைன் இதன் உறிஞ்சலைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடல் திடீரெனச் சூடேறுவதும் கெண்டைக்கால் பிடிப்பும் தொல்லைதான், ஆபத்தல்ல. மாதவிடாய் நின்ற புதிதில் சூடேறுவதால் தவிப்பவருக்கு அதை இம்மருந்து கூட்டும், தணிக்காது.

உங்கள் ஸ்கேன் ஏறவில்லையே?

ஓராண்டு கழித்து டெக்ஸா (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) எடுத்து, "1.5% தான் கூடியிருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஒரே ஆளை இரண்டு முறை படுக்கவைத்து எடுத்தாலே எண் மாறும். அந்தப் பிழையை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பதே, மாற்றம் உண்மையானது என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம். முதுகெலும்புக்குப் பிழை 1.9% வரை ஏற்கப்படுகிறது, எனவே 5.3% மாறினால்தான் உறுதியாகப் பேசலாம். ரலாக்சிஃபீன் மூன்று ஆண்டில் தரும் சராசரி உயர்வே 2.6% தான். அதைத் தனியொருவரின் ஸ்கேனில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 5.3 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மட்டும் மாத்திரை ஒழுங்காக எடுக்கப்பட்டதா, வைட்டமின் டி எவ்வளவு, தைராய்டு எப்படி என்று விசாரிக்க வேண்டும்.

ஒரே மையம், ஒரே இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மையத்தின் பிழை அளவு என்ன என்று கேட்டு அறிக்கையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முட்கள் அடர்த்தியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். முதுகு எண் நன்றாகவும் இடுப்பு எண் மோசமாகவும் இருந்தால், இடுப்பு எண்ணை நம்புங்கள்.