பஸ் தமிழில் ஓடும், தெலுங்கில் நடக்கும்: ‘ரன்’ என்ற ஒரு சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஹைதராபாதுக்கு வேலைக்குப் போன புதிதில், ஒரு பந்த் நாளன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பஸ் ஓடுகிறதா என்று தெலுங்கில் கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் ‘ரன்’, அகராதியில் ‘ரன்’னுக்குப் ‘பருகெத்து’ என்று போட்டிருந்தது, அதையே வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, “பஸ்ஸுலு நடுஸ்துன்னாயி” என்றார். பஸ்கள் நடக்கின்றனவாம். பருகெத்து என்பது மனுஷனோ நாயோ காலால் ஓடுவது. நான் கேட்டது, பஸ்ஸெல்லாம் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது மாதிரி அவருக்குக் கேட்டிருக்கும்.

‘ரன்’ அப்படிப்பட்ட சொல். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நமக்கு வேண்டாம், ஏழெட்டு தெரிந்தால் ஆபீசிலும் தெருவிலும் சமாளித்துவிடலாம். வழி ஒன்றுதான்: ‘ரன்’ என்று வந்ததும் ‘ஓடு’ என்று போடாமல், ஓடுவது எது என்று முதலில் பாருங்கள். ஆளா, வண்டியா, கடையா, படமா, மூக்கா? அதைப் பொறுத்து தமிழில் ஒரு சொல், தெலுங்கில் இன்னொன்று. (தெலுங்கைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். ட, த, ப எல்லாம் எங்கே அழுத்தி ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்று எழுத்தில் காட்ட முடியாது, தெரிந்தவர் யாரையாவது பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆள் ஓடினால் ‘பருகெத்துதுன்னாடு’. தெலங்கானா பக்கம் பேச்சில் ‘உருகு’ என்றும் சொல்வார்கள், பனிக்கட்டி உருகுகிற உருகு இல்லை, ஓடு என்றுதான் அர்த்தம். கிரிக்கெட் ரன்னும் அங்கே ‘பருகுலு’தான். நாம் ரன் என்றே சொல்லிவிடுகிறோம், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓட்டங்கள் என்று எழுதும்.

பஸ், ரயில், கடிகாரம் இதெல்லாம் நமக்கு ஓடும், தெலுங்கில் நடக்கும். ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்றால் ‘ஆலஸ்யங்கா நடுஸ்தோந்தி’. ஆனால் ஃபேன் மட்டும் அங்கே நடக்காது, ‘திருகுதோந்தி’, அதாவது சுற்றுகிறது. ஆங்கிலத்திலும் ஃபேனுக்கு ‘தி ஃபேன் இஸ் ஆன்’ என்பதுதான் சாதாரணமாகப் புழங்குவது.

கடையோ ஹோட்டலோ என்றால் ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’. இங்கே அவர் ஓடவில்லை, நடத்துகிறார். தெலுங்கில் ‘நடுபுதுன்னாடு’. நட, நடத்து என்று நம்மிடம் இருப்பது போலவே அங்கே நடு, நடுபு, அதனால் இது சுலபம். ஒரே ஒரு விஷயம், கார் ஓட்டுவதற்கும் இதே நடுபுதான். தமிழில் காரை ஓட்டுவோம், கடையை நடத்துவோம், கடையை ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வியாபாரம் சரியில்லை, ஏதோ தள்ளிக்கொண்டு போகிறார் என்று அர்த்தமாகிவிடும்.

சினிமாவுக்கு வருவோம். படம் 100 நாள் ஓடியது, ‘தி ஃபிலிம் ரேன் ஃபார் 100 டேஸ்’. தெலுங்கில் படம் ஓடவும் ஓடாது, நடக்கவும் நடக்காது, ஆடும்: ‘சினிமா வந்த ரோஜுலு ஆடிந்தி’. இதில் ‘வந்த’ என்பது நூறு, யாரும் எங்கிருந்தும் வரவில்லை.

இப்போது நம்மவர்கள் கட்டாயம் விழும் குழி. தெலுங்கில் ‘ஓடு’ என்று ஒரு வினை உண்டு, காதுக்கு நம் ஓடு மாதிரியே இருக்கும், ஆனால் பொருள் தோற்பது. ‘ஓடிபோயாடு’ என்றால் தோற்றுப்போனான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன் பாதியில் வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று சொல்லப்போய் நான் இந்தச் சொல்லைப் போட, சுற்றியிருந்தவர்கள் எந்த மேட்சில் என்று கேட்டார்கள். ‘ரன் அவே’ என்பதற்குச் சரியான தெலுங்கு ‘பாரிபோயாடு’. தேர்தல் சமயத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், தோற்ற வேட்பாளர் தலைமறைவு ஆகிவிடுவார்.

தேர்தல் என்றதும், அமெரிக்கர்கள் தேர்தலுக்கு ‘ரன்’ செய்வார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஸ்டாண்ட்’. நாமும் நிற்கிறார் என்கிறோம், தெலுங்கிலும் ‘நிலபட்டாரு’ என்றால் நின்றார், ‘போட்டி சேஸ்துன்னாரு’ என்றாலும் சரி.

‘ரன் அவுட்’ என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும், ஆனால் பின்னால் ஒரு ‘ஆஃப்’ வந்தால் சமையலறைக்குப் போய்விடும். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது, ‘பாலு அயிபோயாயி’. பாலும் தண்ணீரும் தெலுங்கில் பன்மை, அதனால்தான் கடைசியில் ‘ஆயி’. பெட்ரோல் தீர்ந்தால் ‘அயிபோயிந்தி’. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டுவிட்டால் அடுத்து ‘ரன்’தான் வரும், ‘ரேன்’ வராது, இதில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்.

‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைப் பார்ப்பது. எதிர்ப்பட்டான் என்பதைத் தெலுங்கில் ‘எதுருபட்டாடு’ என்பார்கள், மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை. சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் ஆங்கிலத்தில் ‘ரன்னிங் நோஸ்’, இன்னும் சரியாகச் சொன்னால் ‘ரன்னி நோஸ்’. தெலுங்கில் ‘முக்கு காருதோந்தி’. முக்கு நமக்குத் தெருமுனை, அவர்களுக்கு மூக்கு. மழையில் கூரை ஒழுகினாலும் அதே ‘காரு’தான்.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ஓடுவதெல்லாம் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகாது. கையும் காலும் ஓடவில்லை, மூளைக்கு ஒன்றும் ஓடவில்லை என்போமே, அதை ‘மை பிரெயின் இஸ் நாட் ரன்னிங்’ என்று எழுதி மேலாளருக்கு மெயில் அனுப்பியவன் நான். ‘ஐ கான்ட் திங்க் ஆஃப் எனிதிங்’ என்று போட்டிருக்க வேண்டும். தெலுங்கில் ‘ஏமி தோசட்லேது’, நம் தோன்றவில்லைக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த மெயிலுக்கு வந்த பதில் ஒரே வரி: லீவு எடுத்துக்கொள்.