ஆய்வேட்டு ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்வழியில் பயின்று முதுகலைக்கு வரும் மாணவர்கள், ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத உட்காரும்போது முதலில் அகராதியைத் தேடுகிறார்கள். அவர்களின் வரைவுகளைத் திருத்தும் எனக்கு, சொற்பஞ்சத்தைவிட வாக்கிய அமைப்பே பெரிய இடராகத் தெரிகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அதற்கு முன் எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் வாக்கியம் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ எழுவாயை ஒட்டியே வினை வந்தால்தான் பொருள் தெளிவாகும்.

ஆகவே, எழுதும் முன் ‘எது? அது என்ன ஆயிற்று?’ என்று தமிழிலேயே கேட்டு, அவ்விரண்டு விடைகளை மட்டும் முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடம், காலம், காரணம் ஆகியவற்றைப் பிறகு சேர்க்கலாம்.

பென்னாகரம் பகுதிக் கிணற்று நீரைப் பற்றிய ஒரு வரைவில், ‘தி லெவல் ஆஃப் ஃபுளோரைடு இன் தி வெல்ஸ் ஆர் ஹை’ என்றிருந்தது. பக்கத்தில் நின்ற ‘வெல்ஸ்’ பன்மையாக இருந்ததால் ‘ஆர்’ வந்துவிட்டது. ‘ஆஃப்’ முதல் ‘வெல்ஸ்’ வரை பென்சிலால் அடைப்புக்குறிக்குள் இட்டு, எஞ்சியதைப் படித்துப் பாருங்கள்: எழுவாய் ‘லெவல்’, ஒருமை, எனவே ‘இஸ்’ என்பதே சரி. இன்னும் ஒரு படி மேலே போகலாம். குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. உங்கள் அளவீடு அதைத் தாண்டியிருந்தால், ‘ஹை’ என்ற மங்கலான சொல்லை விட்டு, ‘எக்சீட்ஸ்’ என்ற வினையோடு எண்ணையும் எழுதுங்கள்.

வினையெச்சத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘மாதிரிகளைச் சேகரித்து, அளவு கண்டறியப்பட்டது’ என்பது தமிழ்க் காதுக்கு உறுத்தாது. அதையே ‘கலெக்டிங் தி சாம்பிள்ஸ், தி லெவல் வாஸ் மெஷர்ட்’ என்று எழுதினால், அளவே மாதிரிகளைச் சேகரித்ததாகப் பொருள்படும். ‘வீ கலெக்டட் தி சாம்பிள்ஸ் அண்ட் மெஷர்ட் தி லெவல்’ என்று செய்தவரையே எழுவாயாக்கிவிடுங்கள். ஆய்வேட்டில் ‘வீ’ கூடாது என்று துறை விதித்திருந்தால், ‘தி சாம்பிள்ஸ் வேர் கலெக்டட், அண்ட் தி லெவல் வாஸ் மெஷர்ட்’ எனலாம்.

‘ஒன் ஆஃப் தி’ என்று தொடங்கினால் அடுத்த பெயர்ச்சொல் பன்மையில் வர வேண்டும்: மாம்பழம் கிருஷ்ணகிரியின் ‘ஒன் ஆஃப் தி மேஜர் க்ராப்ஸ்’. ‘எவிடென்ஸ்’, ‘ரிசர்ச்’ ஆகியவற்றை ஆய்வேட்டில் பன்மையாக்காதீர்கள். ‘ஆல்தோ’ வந்த வாக்கியத்தில் ‘பட்’ வேண்டாம்.

காலத்தைப் பொறுத்தவரை, நீங்கள் செய்து முடித்த சோதனை இறந்த காலத்திலும், என்றும் பொருந்தும் உண்மை நிகழ்காலத்திலும் அமையட்டும். முழுமையான இரு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைக்காமல், முற்றுப்புள்ளி இட்டுப் பிரியுங்கள். அல்லது அரைப்புள்ளி இடுங்கள்.